லட்சுமணசாமியின் வலது பக்கம்

உடுமலைப்பேட்டை தேங்காய் மண்டி லட்சுமணசாமியின் உடம்பில் மூன்று கிட்னிகள் இருந்தன. இரண்டு பிறவியிலேயே வந்தவை. எப்போதோ வேலையை நிறுத்திவிட்டு, பென்ஷன் வாங்குகிறவர்களைப் போல முதுகுப் பக்கம் சும்மா உட்கார்ந்திருந்தன. மூன்றாவது, தொண்ணூற்று மூன்றாம் வருடம் தங்கை மாசாணியம்மாள் கொடுத்தது. வலது அடிவயிற்றில், கைவைத்தால் தட்டுப்படுகிற இடத்தில் டாக்டர்கள் அதை வைத்துத் தைத்திருந்தார்கள். மூன்றின் வேலையையும் அது ஒன்றே பார்த்தது.

அதற்கு முன்பு அவர் வெறும் மண்டிக்காரர். பிறகு ஊரில் பிரமுகர். மாதாமாதம் ரத்தப் பரிசோதனைச் சீட்டு வந்ததும், கொப்பரை விலை சொல்லும் அதே குரலில் மண்டியில் கிரியாட்டினின் அளவைச் சொல்வார். "ஒன்னு புள்ளி ரெண்டு" என்றால் சாக்கு தைப்பவர் வரை தலையாட்டிச் சந்தோஷப்பட வேண்டும். அது கிட்னி எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்டும் எண் என்றும், ஏறினால் ஆபத்து என்றும் பாதிப் பேருக்குத் தெரியாது. புதிதாகச் சேர்ந்த குமாஸ்தா ஒருவர், சீக்கிரமே அது ஐந்தைத் தொட வேண்டும் என்று மனதார வாழ்த்தி, அன்று மாலையே வேறு வேலை தேட வேண்டியதாகிவிட்டது.

ஆபரேஷன் முடிந்து இரண்டு மாதத்தில் மண்டபம் பிடித்து நன்றி விழா எடுத்தார். ஆஸ்பத்திரி சேர்மனுக்கு ஆளுயர மாலை. கிட்னி டாக்டர் தமிழ்வேந்தனுக்குப் பொன்னாடை. ரத்தம் கொடுத்த இரண்டு பேருக்குக் கேடயம். லட்சுமணசாமி நாற்பது நிமிடம் பேசினார். கிட்னியைக் கொடுத்த மாசாணியம்மாள் அந்த நாற்பது நிமிடமும் பந்தியில் ரசம் பற்றுமா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளை மேடைக்குக் கூப்பிட வேண்டுமென்று யாருக்கும் தோன்றவில்லை. வீட்டுப் பெண்ணை யார் மேடைக்குக் கூப்பிடுவார்கள்? ஆல்பம் வந்தபோது லட்சுமணசாமி மூன்று தடவை புரட்டிப் பார்த்தார். ஒரு படத்தில்கூட அவள் இல்லை. அதற்குப் பிறகு அந்த ஆல்பத்தை அவர் யாருக்கும் காட்டவில்லை. ஏன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ளவும் இல்லை.

மாசாணியம்மாளைக் கட்டிக்கொடுத்திருந்தது சென்னிமலையில். கணவர் அழகிரிசாமி பெட்ஷீட் தறிகள் வைத்திருந்தார். நல்ல மனிதர், ஆனால் அம்மா எதிரில் வாய் திறக்காதவர். அந்த அம்மாவோ, கிட்னி கொடுக்கும் பேச்சு எழுந்த அன்றே வாசலில் நின்று ஊர் கேட்கச் சொன்னவர்: "முழுசாக் கட்டிக் குடுத்துப்போட்டு, இப்பத் துண்டு துண்டாத் திருப்பிக் கேக்கறாங்க."

மூன்று வருடமாக அந்த வாக்கியம் லட்சுமணசாமியின் காதில் இருந்தது. ஒவ்வொரு மாதமும் ஒன்று புள்ளி இரண்டு வரும்போதெல்லாம், அந்த அம்மாவுக்கு ஒரு பதில் சொல்லிவிட்டதாக அவருக்கு நிம்மதி.

தொண்ணூற்றாறு ஆவணியில் மாசாணியம்மாளின் மகள் நித்யஸ்ரீக்குக் காதுகுத்து வைத்தார்கள். இரண்டு வயதில் நடந்திருக்க வேண்டியது. அம்மாவின் ஆபரேஷனால் தள்ளிப்போய், குழந்தைக்கு இப்போது ஐந்து வயது, கைகால் நல்ல பலம். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். லட்சுமணசாமி முப்பத்தொரு தட்டுச் சீருடன், ஒரு வேன் நிறைய ஆட்களோடு, தன் அம்பாசிடர் காரில் முதல் நாளே சென்னிமலைக்கு வந்து இறங்கினார்.

இறங்கிய அன்று சாயங்காலம் தொப்புளைச் சுற்றி வலி ஆரம்பித்தது. வழியில் தின்ற முறுக்கு என்று நினைத்தார். காலையில் எழுந்தபோது வலி தொப்புளை விட்டு நகர்ந்து வலது அடிவயிற்றுக்கு வந்து சேர்ந்திருந்தது. சரியாக மாசாணியம்மாளின் கிட்னி இருக்கும் இடம்.

தங்கையின் கிட்னி கெட்டுப்போகிறது. அதுவும் தங்கையின் வீட்டில், தங்கை மகளின் விசேஷத்தில், அந்த மாமியார் எதிரில். அந்த அம்மா என்ன சொல்வார் என்பதை அவரால் வார்த்தை வார்த்தையாக எழுதிக் கொடுக்க முடியும். மனைவி மாரியாத்தாள் மாத்திரைக் கூடையைக் கொண்டு வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு எல்லாவற்றையும் விழுங்கினார். உடம்பு அந்நிய கிட்னியைத் தள்ளிவிடாமல் இருக்க ஒருநாள்கூட விடாமல் சாப்பிட வேண்டிய மாத்திரைகள் அவை. காது குத்தி முடியட்டும், பந்தி முடியட்டும், பிறகு சத்தமில்லாமல் கோயம்புத்தூர் போய்க்கொள்ளலாம் என்று முடிவு செய்தார்.

மலைக் கோயிலில் மொட்டை அடித்துச் சந்தனம் பூசிய தலையோடு நித்யஸ்ரீ மாமன் மடியில் உட்கார்ந்தாள். ஆசாரி தங்கக் கம்பியை எடுத்தார். முதல் காதில் கம்பி இறங்கியதும் குழந்தை ஒரு உதை விட்டாள். குதிகால் நேராக லட்சுமணசாமியின் வலது அடிவயிற்றில் இறங்கியது. உதைத்தபோது இருந்ததைவிட, கால் விலகியபோது உயிர் போனது. அவர் கத்தவில்லை. பட்டு வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தார். கண்ணில் தண்ணீர் மட்டும் கொட்டியது.

சுற்றி நின்ற பெண்கள் உருகிப்போனார்கள். குழந்தைக்குக் காது குத்தினால் மாமனுக்கு வலிக்கிறதாம், இந்தக் காலத்தில் இப்படி ஒரு மாமன் யாருக்குக் கிடைப்பான் என்று ஒருத்தி சொல்ல, வீடியோக்காரர் விளக்கை அவர் முகத்துக்கு நேரே திருப்பிக் கண்ணீரைப் பெரிதாக்கிப் பிடித்தார். அந்த மாமியார்கூட மூக்கை உறிஞ்சினார். இரண்டாவது காதுக்கு இரண்டாவது உதை. லட்சுமணசாமியின் பாசம் தாடை வழியாக ஒழுகிச் சட்டையை நனைத்தது.

மாசாணியம்மாள் மட்டும் உருகவில்லை. அண்ணன் எதற்கு அழுவார், எதற்கு அழமாட்டார் என்பது அவளுக்குத் தெரியும். காதுகுத்துக்கு அழுகிற ஆள் அவர் இல்லை. எல்லோரும் எழுந்த பிறகும் அவர் எழவில்லை. வலது முழங்காலை மடக்கியபடியே இருந்தார். கேட்டதற்குக் கால் மரத்துவிட்டது என்றார். நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள், காய்ச்சல் இல்லை. பந்தியில் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போனவரைப் பின்தொடர்ந்து போய், அவர் குனிந்து வாந்தியெடுப்பதைப் பார்த்துவிட்டாள். பந்தியை அப்படியே நாத்தனாரிடம் விட்டாள். அண்ணனின் டிரைவர் மருதாசலத்தைக் கூப்பிட்டு அம்பாசிடரை எடுக்கச் சொன்னாள். மாமியார் என்னவோ கேட்டார். பதில் சொல்லாமல் அண்ணனை உட்கார வைத்துத் தானும் காரில் ஏறினாள். பதினைந்து வருடத்தில் அது முதல் தடவை.

கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் தமிழ்வேந்தன் ஏதோ சங்கத்தின் மதியக் கூட்டத்திலிருந்து டை கட்டியபடியே வந்தார். பின்னால் நான்கு பேர். முதலாமவர் ஃபைலைப் பிடித்தார், இரண்டாமவர் முதலாமவருக்கு வழிவிட்டார், மற்ற இருவரும் தலையாட்டும் பொறுப்பில் இருந்தார்கள். டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்து, வலிக்கிறதா என்று கேட்டார்.

லட்சுமணசாமிக்கு அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் தெரியும். பெரிய மனிதர், ஞாயிற்றுக்கிழமை, கூட்டத்தை விட்டுவிட்டு வந்திருக்கிறார். அவர் முகத்துக்கு நேரே வலிக்கிறது என்று எப்படிச் சொல்வது?

"பரவாயில்லைங்க டாக்டர்" என்றார். "சித்தெ புடிச்சாப்புல இருக்குதுங்க, அவ்வளவுதான்."

ஃபைலில் ஆங்கிலத்தில் 'லேசான வலி' என்று ஏறியது. காய்ச்சல் இல்லை, வயிறு விறைப்பாகவும் இல்லை. கிட்னி இருக்கும் இடத்திலேயே வலி. டாக்டர் தமிழ்வேந்தன் கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் தீர்ப்பு என்று அர்த்தம். உடம்பு கிட்னியை ஏற்றுக்கொள்ளாமல் தள்ள ஆரம்பித்திருக்கிறது, ஸ்டீராய்டு ஊசியைப் பெரிய அளவில் மூன்று நாள் போட்டு அடக்க வேண்டும் என்றார். ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் வழக்கமான ஒன்று புள்ளி இரண்டாகவே வந்தது. அது இனிமேல் ஏறும் என்றார். நான்கு பேரும் தலையாட்டினார்கள், ஃபைல் பிடித்தவர் உட்பட.

மாசாணியம்மாள் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "எங்கண்ணன் எதையும் வேண்டாம்னு தள்றவரில்லீங்களே" என்றாள் மெதுவாக. யாரும் அதைக் குறித்துக்கொள்ளவில்லை.

ஆனால் டாக்டர் தமிழ்வேந்தனிடம் ஒரு வழக்கம் இருந்தது. மாற்றுக் கிட்னிக்காரர் வயிற்றுவலி என்று வந்தால், அறுவை டாக்டர் ஒருவர் வயிற்றைத் தொட்டுப் பார்க்காமல் பெரிய ஊசி போட விடமாட்டார். தீர்ப்பே சொல்லியிருந்தாலும் சரி, அவரே சொல்லியிருந்தாலும் சரி. டையையும் பரிவாரத்தையும் எடுத்துவிட்டுப் பார்த்தால் அவர் உண்மையிலேயே பெரிய டாக்டர்தான் என்பதற்கு அது போதும்.

வந்தவர் டாக்டர் அன்புச்செல்வி. காங்கயம் பக்கம். தனியாக வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து வயிற்றில் கைவைத்தார். வலிக்குதுங்களா என்று ஒரே ஒரு தடவை கேட்டார். பரவாயில்லைங்க என்று லட்சுமணசாமி சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அதற்குமேல் அவரிடம் எதுவும் கேட்காமல், இவரைக் காரில் கொண்டு வந்தது யார் என்று திரும்பினார்.

மருதாசலம் செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்தார். பத்து வருடமாக லட்சுமணசாமியிடம் கார் ஓட்டுபவர். அபிப்பிராயம் எதுவும் கேட்கப்படாதவர்.

"வழியில ஸ்பீட் பிரேக்கர் எத்தனைங்க?"

"பதினொன்னுங்கம்மா. பெருந்துறையிலயே மூணு."

"ஏறி இறங்கறப்ப அய்யா என்ன பண்ணினார்?"

மருதாசலம் முதலாளியைப் பார்த்தார். முதலாளி கண்ணால் வேண்டாம் என்றார். மருதாசலம் டாக்டரைப் பார்த்தார்.

"என்ற எடது தோளைப் புடிச்சுக்கிட்டாருங்க. மொதல்ல ரெண்டுக்குச் சும்மாதானுங்க புடிச்சாரு. அவிநாசி தாண்டினதுக்கப்பறம், ஸ்பீட் பிரேக்கர் தூரத்துல தெரியறப்பவே புடிச்சுக்கிட்டாருங்க. நகம் எறங்கிப்போச்சுங்க." சட்டையை ஒதுக்கித் தோளைக் காட்டினார். நான்கு பிறைகள் சிவப்பாகப் பதிந்திருந்தன.

அன்புச்செல்வி லட்சுமணசாமியை ஒருமுறை இருமச் சொன்னார். கையால் வாயை மூடிக்கொண்டு மரியாதையாக இருமினார். பாதியிலேயே முகம் கோணி, வலது முழங்கால் தானாக மடங்கியது. மாசாணியம்மாள் காதுகுத்தையும், இரண்டு உதைகளையும், தண்ணீர்த் தொட்டியையும் சொன்னாள். மடியில் நடந்ததைக் கேட்கும்போது டாக்டர் உதட்டைக் கடித்துக்கொண்டார், சிரிப்பா வருத்தமா என்று தெரியவில்லை.

"எங்கப்பனும் இப்படித்தானுங்க" என்றார். "கெணத்து மேட்டுல விழுந்து கால் எலும்பு வெளிய தெரியறப்ப, சித்தெ பெசகின மாதிரி இருக்குதுன்னார். நீங்க சாப்பிடற மாத்திரை காச்சலையும் மறைச்சுப்போடும், வயித்து விறைப்பையும் மறைச்சுப்போடும். எங்களுக்கு மிச்சமிருக்கறது உங்க வாய் ஒன்னுதான். அதையும் நீங்க மூடிக்கிட்டா நாங்க எதை வெச்சுக் கண்டுபிடிக்கறது?"

மண்டியில் நூறு பேர் கேட்கப் பேசுகிற லட்சுமணசாமி பக்கத்துப் படுக்கைக்குக்கூடக் கேட்காத குரலில் ஆரம்பித்தார். நேற்று மாலை தொப்புளில் தொடங்கியதையும், காலையில் வலப்பக்கம் இறங்கியதையும், தண்ணீர்கூட வேண்டியிருக்கவில்லை என்பதையும் வரிசையாகச் சொன்னார். பிறகு தங்கையைப் பார்த்தார்.

"உன்ற கிட்னி கெட்டுப்போச்சுன்னு நெனச்சுக்கிட்டேன் அம்மணி. உன்ற மாமியா முன்னாடி அது தெரிய வேண்டாம்னுதான்."

"நீங்க செத்துப்போயிருந்தா மட்டும் அவங்க என்ன சொல்லியிருப்பாங்கன்னு நெனச்சீங்கண்ணா?" என்று கேட்டாள் மாசாணியம்மாள். குரல் உயரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஸ்கேன் எடுத்தார்கள். கிட்னிக்குள் ரத்தம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, வீக்கமில்லை. அதற்கு மேலே ஒட்டினாற்போல, விரல் தடிமனுக்கு வீங்கிய ஒரு குடல்வால் அழுத்தினாலும் நசுங்காமல் கிடந்தது. தள்ளப்பட்டது கிட்னி அல்ல. எல்லோருக்கும் வருகிற அப்பெண்டிசைடிஸ்தான், வரக்கூடாத ஆளுக்கு, வரக்கூடாத இடத்தில் வந்திருந்தது. வெடித்தால் சீழ் கிட்னியைச் சுற்றிப் பரவும். எதிர்ப்புச் சக்தியை மாத்திரையால் அடக்கி வைத்திருக்கிற உடம்பு அதைத் தாங்காது. பெரிய ஊசி மட்டும் போட்டிருந்தால் இருந்த கொஞ்சம் வலியும் அடங்கி, லட்சுமணசாமி பரவாயில்லைங்க என்று சொல்லிக்கொண்டே போய்ச் சேர்ந்திருப்பார்.

டாக்டர் தமிழ்வேந்தன் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டார். நாமும் ஆரம்பத்திலிருந்தே இதை மனதில் வைத்திருந்தோம் என்றார். நான்கு பேரும் மனதில் வைத்திருந்ததாகத் தலையாட்டினார்கள். அன்புச்செல்வி மறுக்கவில்லை. ஊசித் தட்டை எடுத்துப் போகும்படி நர்ஸிடம் கண்ணைக் காட்டினார்.

அதன் பிறகு நடந்ததை மாரியாத்தாள் பல நாள் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தப் பெரிய டாக்டர் டையைக் கழற்றிச் சட்டைப்பையில் திணித்துவிட்டு, ஒரு மருந்துச் சீட்டை வாங்கி, கிட்னிக்கு ஆகாது என்று ஒரு வரியை அடித்துவிட்டு, வாய் வழியாகக் கொடுக்க முடியாத மாத்திரைகளுக்கு நரம்பு வழியாக எவ்வளவு என்று தன் கையாலேயே எழுதினாராம். ஆபரேஷனைத் தாங்குகிற அளவுக்கு மட்டும் ஸ்டீராய்டு. பிறகு தியேட்டருக்குள் போனவர், முடிகிற வரை சிறுநீர்ப் பையைப் பார்த்துக்கொண்டு ஒரு ஓரமாக நின்றாராம். பரிவாரத்தை வெளியே அனுப்பிவிட்டாராம்.

அன்புச்செல்வி பழைய தழும்பைத் தொடாமல், கிட்னியை விட்டு விலகி, வயிற்றின் நடுவில் திறந்தார். குடல்வால் நுனி கறுத்து, இன்னும் ஒரு ஸ்பீட் பிரேக்கருக்குக் காத்திருந்தது. வெடிக்கவில்லை.

மறுநாள் காலையில் லட்சுமணசாமிக்கு நினைவு நன்றாகத் தெளிந்தபோது, கண்ணைத் திறக்கும் முன்பே மனதில் ஒரு விழா நடந்துகொண்டிருந்தது. மண்டபம், இரண்டு டாக்டர்களுக்கும் பொன்னாடை, மருதாசலத்துக்கு ஒரு மோதிரம், தலைமை யார், முன்னிலை யார் என்று பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன. முன்னிலைக்கு ஆள் தேடிக்கொண்டிருக்கும்போது கட்டிலருகில் பேச்சுக் குரல் கேட்டது. அன்புச்செல்வி. ஆனால் பேசியது அவரிடம் இல்லை.

"உங்களுக்கு ஒன்னு சொல்லோணும்னுதான் வந்தேன்" என்றார் டாக்டர். "நேத்து உங்க கிட்னியைக் கையால தொட்டுப் பார்த்தேனுங்க. நல்லாக் கெட்டியா, வெதுவெதுன்னு இருக்குது. குடுத்தப்ப இருந்ததை விடப் பெருசாகியிருக்குது. ரெண்டு கிட்னி வேலையை ஒன்னே பாக்குதில்லீங்களா, அதனால."

மூன்று வருடத்தில் அந்தக் கிட்னியைப் பற்றி யாரும் மாசாணியம்மாளிடம் எதுவும் சொன்னதில்லை. சீட்டு, எண், வாழ்த்து எல்லாம் உடுமலைக்கே போய்க்கொண்டிருந்தன.

"எங்கிட்ட இருந்தப்பப் பாதி வேலைதானுங்க" என்றாள். "அண்ணன் ஊட்டுக்குப் போயும் முழு வேலைன்னு ஆயிப்போச்சா? பொம்பளை கிட்னிதானுங்களே, எங்க போனாலும் விடமாட்டாங்க."

டாக்டர் சத்தமாகச் சிரித்தார். அதைப் பார்க்க முடியுமா என்று மாசாணியம்மாள் கேட்டாள். மூன்றாம் நாள் மறுபடி ஸ்கேன் இருக்கிறது, கூடவே உள்ளே வாருங்கள் என்றார்.

லட்சுமணசாமி கண்ணை மூடியபடியே கிடந்தார். மனதில் இருந்த விழா பாதியில் நின்றுபோயிருந்தது. மைக் வைத்துச் சொல்ல அவரிடம் எதுவும் மிச்சமில்லை.

மூன்றாம் நாள் கிரியாட்டினின் ஒன்று புள்ளி இரண்டு. ஸ்கேன் அறைக்கு அவரைத் தள்ளு நாற்காலியில் கொண்டுபோனார்கள். மாசாணியம்மாளும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். இருட்டான அறை. ஸ்கேன் பார்க்கும் பெண் அவர் வயிற்றில் குளிர்ந்த பசையைத் தடவிக் கருவியை வைத்தாள். மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னாள். திரையில் சாம்பல் நிறத்தில், பெரிய மொச்சைக் கொட்டை போல ஒன்று தெரிந்தது.

"இதுங்களா?" என்றாள் மாசாணியம்மாள்.

"ஆமாங்க்கா. இதா, இந்த மினுக்மினுக்குனு போறது ரத்தம். நல்லா ஓடுது பாருங்க."

மாசாணியம்மாள் திரைக்கு அருகில் போய் முகத்தைச் சாய்த்துப் பார்த்தாள். வெளியூர் ஹாஸ்டலில் சேர்த்த பிள்ளையைப் பார்க்கப் போனவள் மாதிரி, இளைத்திருக்கிறதா, யாராவது கஷ்டப்படுத்துகிறார்களா என்று தேடினாள். பிறகு, "சமத்தா இரு கண்ணு" என்றாள் மிக மெதுவாக.

அவள் அண்ணனைத் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்று வருடமாக என் கிட்னி, என் கிட்னி என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த லட்சுமணசாமிக்கு, இந்த அறையில் தான் அதைச் சுற்றியிருக்கிற உறை மட்டும்தான் என்று புரிந்தது. அவமானமாக இல்லை. இத்தனை பொறுப்பான வேலையை யாரும் அவருக்கு இதற்கு முன் கொடுத்ததில்லை.

மூச்சை விடலாம் அய்யா என்றாள் ஸ்கேன் பெண். மாசாணியம்மாள் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தாள். மூச்சு விட்டால் படம் அசையும். லட்சுமணசாமி விடவில்லை.